6. மோட்டார் முனையில் வயர் பற்றவைத்தல்

ரேடியோ கன்ட்ரோல் கார் பாதியில் நின்றால் முதல் சந்தேகம் பேட்டரி மேல் போகும், அடுத்தது ரிமோட் மேல். இரண்டும் நன்றாக இருந்தும் வண்டி திக்கித் திக்கி ஓடினால், மோட்டாரின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் டேக்குகளைப் பாருங்கள். வண்டிக்குள் பாயும் மின்சாரம் அத்தனையும் அந்தச் சின்னத் தகடுகளில் உட்கார்ந்திருக்கும் ஈயத்தைக் கடந்துதான் உள்ளே போகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சரியாகப் பிடிக்காத இணைப்பின் மின்தடை 10 மில்லி ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல மல்டிமீட்டர்களில் அது பூஜ்யமாகவே தெரியும். அதன் வழியே 20 ஆம்பியர் பாய்ந்தால் 0.2 வோல்ட் அங்கேயே தொலையும். 4 வாட் சூடு அந்த ஒரு புள்ளியில் பிறக்கும். 12 கேஜ் வயரை ஏறக்குறைய இரண்டு மீட்டர் கூடுதலாகப் போட்டதற்கு இது சமம். ஏற்றத்தில் வண்டி திணறும்போது ஆம்பியர் இரட்டிப்பானால் சூடு நான்கு மடங்காகும். ஈயம் மெல்ல இளகி ஒருநாள் வயர் கையோடு வந்துவிடும்.

கொங்கு நாட்டுக்காரர்களுக்கு மோட்டார் புதிதல்ல. 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்ததும் கோவையில் ஆலைகள் பெருகின. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவின் முதல் மின்மோட்டாரை இங்கேதான் உருவாக்கினார்கள். ஆனைமலையில் தென்னந்தோப்புக்குள் வளரும் பிள்ளைக்குக்கூட "காயில் போச்சு", "லூஸ் கனெக்‌ஷன்" என்றால் விளங்கும். அந்தப் பழக்கத்தோடு இந்த அத்தியாயத்தைப் படியுங்கள். அளவு மாறியிருக்கிறதே தவிர, பம்ப்செட் மோட்டாருக்குள்ள அதே ஒழுங்குதான் உள்ளங்கையில் அடங்கும் மோட்டாருக்கும்.

இந்த அத்தியாயத்தின் அடிப்படை விதி ஒன்றே ஒன்று: நல்ல சூடு, குறைந்த நேரம். மோட்டார் கெட்டுவிடுமோ என்று பயந்து சிறிய சால்டரிங் அயர்னை எடுத்து நிமிடக்கணக்கில் வைத்துத் தேய்ப்பவர்கள்தான் மோட்டாரைக் கெடுக்கிறார்கள். டேக் ஈயம் உருகும் சூட்டுக்கு வருவதற்குள் சூடு உள்ளே இறங்கிவிடும். டேக்கைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் மூடி இளகும், கார்பன் பிரஷ் தன் இடத்திலிருந்து நகரும், பிரஷ்ஷை அழுத்தும் ஸ்பிரிங் சோர்ந்துவிடும். பெரிய பிட் கொண்ட வலுவான அயர்ன் மூன்று நொடியில் வேலையை முடித்து விலகிவிடும். உள்ளே இருப்பவற்றுக்குச் சூடு எட்டவே எட்டாது.

உங்கள் கையில் இருப்பது எந்த மோட்டார்?

மஞ்சள் கியர்பாக்ஸோடு வரும் பி.ஓ. மோட்டார்: பள்ளிக்கூடப் புராஜெக்ட் வண்டிகளில் இருப்பது. டேக் மெல்லிய தகடு, இரண்டு முறை வளைத்தால் முறிந்துவிடும். 25 வாட் அயர்ன் போதும், இரண்டு நொடிக்கு மேல் வைக்கக் கூடாது.

380 வகை: சுமார் 28 மி.மீ. விட்டமுள்ள உருளை. சிறிய கார்களிலும் படகுகளிலும் இருக்கும். 40 வாட் அயர்ன், 16 அல்லது 18 கேஜ் வயர் போதும்.

540 வகை: சுமார் 36 மி.மீ. விட்டம். பத்தில் ஒரு பங்கு அளவுக் கார்களின் வழக்கமான மோட்டார். 60 வாட்டுக்குக் குறையாத அயர்ன் வேண்டும். வயர் 14 கேஜ், சாதாரண ஓட்டத்துக்கு 16 கேஜ்.

பிரஷ்லெஸ்: மூன்று முனைகள் உள்ளது. டேக் தடித்த உலோகம் என்பதால் சூட்டை நிறையக் குடிக்கும். 12 கேஜ் வயர் சேர்ந்தால் 80 வாட் இருப்பது நல்லது. உள்ளே சுழல்வது நியோடிமியம் காந்தம். அதன் சாதாரண ரகங்கள் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே வலிமை இழக்கத் தொடங்கும் என்பதால் இதில் வேகம் இன்னும் முக்கியம்.

எடுத்து வைக்க வேண்டியவை

அயர்னும் பிட்டும்: ஊசிமுனைப் பிட் சர்க்யூட் போர்டுக்கு உரியது. மோட்டாருக்கு உளிபோலத் தட்டையான, 4 முதல் 5 மி.மீ. அகலமுள்ள பிட் வேண்டும். வெப்பநிலை வைக்கும் வசதி இருந்தால் மெல்லிய வயருக்கு 350 டிகிரி, தடித்த வயருக்கு 380 முதல் 400 டிகிரி.

லெட் (பற்றவைக்கும் கம்பி): 63/37 ரகம் 183 டிகிரியில் ஒரேயடியாக உருகி ஒரேயடியாக இறுகும். 60/40 ரகத்துக்கு நடுவில் கொஞ்சம் கூழ்நிலை உண்டு. அந்த நேரத்தில் கை ஆடினால் இணைப்பு கெடும். புதியவர்கள் 63/37 வாங்குங்கள். 1 மி.மீ. தடிமன் வசதியாக இருக்கும். ஈயம் கலக்காத ரகம் 217 டிகிரிக்கு மேல்தான் உருகும், அதற்கு அயர்னும் அனுபவமும் கூடுதலாகத் தேவை.

பேஸ்ட்: பிசினில் செய்த எலக்ட்ரானிக்ஸ் பேஸ்ட் மட்டும். ரேடியேட்டர் ஒட்டுகிற பட்டறைகளில் இருக்கும் ஆசிட் திரவத்தைத் தொடாதீர்கள். ஈயம் அதில் அழகாகத்தான் ஓடும். ஆனால் மிச்சமிருக்கும் ஆசிட் வயருக்குள் ஊறி, செம்பை அரித்துப் பச்சையாக்கிவிடும்.

வயர்: சிலிக்கான் உறை போட்டது. அது 200 டிகிரி வரை தாங்கும். பி.வி.சி. உறை சூடு பட்டதும் சுருங்கிப் பின்வாங்கி, செம்பை வெளியே காட்டிவிடும்.

மற்றவை: 320 எண் உப்புத்தாள், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், மோட்டாரைப் பிடிக்க ஒரு சிறிய வைஸ், ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், மல்டிமீட்டர், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி.

நம் ஊருக்கென்று மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது, லோ வோல்டேஜ். தோப்புகளில் பம்ப்செட்டுகள் ஓடும் நேரத்தில் வீட்டு வோல்டேஜ் இறங்குவது நமக்குத் தெரிந்ததே. அயர்னின் சூடு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டில் 60 வாட் தரும் அயர்ன், 190 வோல்ட்டில் வெறும் 41 வாட்தான் தரும். 25 வாட் அயர்ன் 17 வாட்டுக்கு இறங்கிவிடும். நேற்று நன்றாக ஓடிய லெட் இன்று கட்டிகட்டியாக நின்றால் உங்கள் கையைக் குறை சொல்லாதீர்கள், பிளக்கில் மீட்டரை வைத்துப் பாருங்கள். பம்ப்செட்டுகள் நின்றபிறகு வேலையை வைத்துக்கொள்ளுங்கள். வெப்பநிலைக் கட்டுப்பாடு உள்ள சால்டரிங் ஸ்டேஷன் இந்தச் சரிவை ஓரளவு தானே ஈடுகட்டிக்கொள்ளும்.

இரண்டாவது, காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று ஆனைமலை, பொள்ளாச்சிப் பக்கம் ஜன்னல் கதவை அடித்துக்கொண்டே இருக்கும். அந்தக் காற்று நேரே பிட்டின் மேல் பட்டால் சூடு நிற்காது, ஈயமும் ஒரு பக்கமாக முந்தி இறுகிவிடும். காற்றடிக்கும் பக்கத்து ஜன்னலைச் சாத்தி எதிர்ப்பக்கத்தைத் திறந்து வையுங்கள். சீலிங் ஃபேன் வேண்டாம். பேஸ்ட் புகை முகத்தில் ஏறாமல் இருக்க, சிறிய ஃபேன் ஒன்றைத் தள்ளி வைத்து, புகையை வெளியே இழுக்கும்படி திருப்பிவிடலாம்.

மூன்றாவது, இரும்புத்தூள். கோவைப் பக்கம் பலருக்கு வேலை மேசை என்பதே லேத் பட்டறையின் ஒரு மூலைதான். மோட்டாருக்குள் காந்தம் இருக்கிறது. மேசையில் கிடக்கும் இரும்புத்தூளைக் காற்றுத் துளை வழியே இழுத்துக்கொள்ளும். அது ஆர்மெச்சூருக்கும் காந்தத்துக்கும் நடுவே சிக்கினால் மோட்டார் கரகரக்கும். மேசையைத் துடைத்து, மேலே ஒரு செய்தித்தாளை விரித்து, காற்றுத் துளைகளை மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். சொட்டும் ஈயமும் உள்ளே போகாது.

படிப்படியாக

1. பேட்டரியைக் கழற்றி வேறு இடத்தில் வையுங்கள். லித்தியம் பாலிமர் பேட்டரி மாட்டியிருக்கையில் இரண்டு வயர் உரசினாலே தீப்பொறி பறக்கும். பேட்டரி அருகில் அயர்னே இருக்கக் கூடாது.

2. எந்த வயர் எந்த முனைக்கு என்று கழற்றும் முன்பே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிரஷ் மோட்டாரில் பிளஸ் முனைக்கு அருகே சிவப்புப் புள்ளியோ கூட்டல் குறியோ இருக்கும்.

3. வயரை 5 முதல் 6 மி.மீ. சீவுங்கள். இழைகள் அறுபடக் கூடாது. பத்து இழை அறுந்தால் வயர் அந்த அளவு மெலிந்துவிட்டது என்று பொருள். இழைகளை லேசாக முறுக்குங்கள்.

4. வயர் முனைக்கு ஈயம் பூசுங்கள். கொஞ்சம் பேஸ்ட் தடவி, பிட்டை வயரின் அடியில் வைத்து, லெட்டை மேலிருந்து கொடுங்கள். மேலே வைத்த லெட் இழைகளுக்குள் தானாக இறங்கினால் வயர் முழுக்கச் சூடேறிவிட்டது. உறைக்கு 1 மி.மீ. முன்பே நிறுத்துங்கள். ஈயம் உறைக்குள் ஏறினால் அந்த இடம் விறைத்து, ஓட்டத்தின் அதிர்வில் அங்கேயே முறியும்.

5. டேக்கைச் சுத்தம் செய்யுங்கள். பளபளப்பு தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, ஆல்கஹாலால் துடையுங்கள். பித்தளைப் பாத்திரத்துக்கு வெள்ளீயம் பூச வருபவர் முதலில் பாத்திரத்தைத் துலக்கி, சூடேற்றி, நவச்சாரம் தூவிய பிறகுதான் ஈயத்தை எடுப்பார். இங்கேயும் அதே வரிசைதான்: அழுக்கு போக வேண்டும், சூடு ஏற வேண்டும், பிறகே ஈயம்.

6. டேக்குக்கு ஈயம் பூசுங்கள். பிட்டின் நுனியில் ஒரு துளி லெட் எடுத்து, அந்த ஈரப்பிட்டைத் தட்டையாக டேக்கில் வையுங்கள். காய்ந்த பிட் ஒரு புள்ளியில்தான் தொடும், ஈரப்பிட் முழு முகத்தோடும் தொட்டுச் சூட்டைக் கடத்தும். மறுபக்கத்திலிருந்து லெட் கொடுத்து, மெல்லிய படலம் பரவியதும் எடுத்துவிடுங்கள். மோட்டாரைத் தொட்டால் சுடாத அளவுக்கு ஆறவிடுங்கள்.

7. இணையுங்கள். ஸ்லீவை முதலில் வயரில் கோத்துத் தள்ளி வையுங்கள். ஈயம் பூசிய வயரை டேக்கின் மேல் படுக்க வைத்து, பிட்டை வயரின் மேல் அழுத்துங்கள். முதலில் வயரில் உள்ள ஈயம் இளகும், அடுத்த கணம் டேக்கில் உள்ளதும் இளகி, வயர் சற்றே அமிழும். அந்த அமிழ்வைக் கையிலேயே உணரலாம். ஒரு நொடி பொறுத்துப் பிட்டை எடுங்கள். மொத்தம் மூன்று, நான்கு நொடி. ஐந்தைத் தாண்டியும் இளகவில்லையென்றால் விட்டுவிட்டு ஆறவைத்து, பிட்டைத் துடைத்து, பேஸ்ட் தொட்டு மறுபடி வாருங்கள்.

8. ஈயம் இறுகும்வரை வயர் அசையக் கூடாது. வாயால் ஊதக் கூடாது, தண்ணீர் தொடவே கூடாது.

டேக்கின் துளைக்குள் வயரை நுழைத்துச் சுற்றி முறுக்குபவர்கள் உண்டு. மெல்லிய வயரை ஒருமுறை நுழைப்பதில் தவறில்லை. ஆனால் பலமுறை சுற்றினால், மோட்டாரை மாற்றும் நாளில் அதைப் பிரிக்க டேக்கை மறுபடி வாட்ட வேண்டியிருக்கும். தடித்த வயரைப் படுக்க வைத்துப் பற்றவைப்பதே நல்லது.

பொள்ளாச்சி ரோட்டில் காயில் கட்டும் கடை எதிலாவது நின்று பாருங்கள். வேலை தெரிந்த பெரியவர் புதிதாக வந்த பையனுக்குச் சொல்வது இதுதான்: "லெட்டைக் காய்ச்சாதீங்க தம்பி, டேக்கைக் காய்ச்சோணும். டேக்கு சூடாச்சுன்னா லெட்டு தானா ஓடிப் புடிச்சுக்கும்ங்க." எட்டு படிகளையும் மறந்துவிட்டாலும் இந்த வார்த்தையை மறக்காதீர்கள்.

கெபாசிட்டர் தேவையா?

பிரஷ் மோட்டாரில் கம்யூட்டேட்டரின் மேல் பிரஷ் உரசும்போது சின்னச் சின்னப் பொறிகள் பறக்கும். அவை ரேடியோ இரைச்சலைக் கிளப்பும். பழைய 27 மெகாஹெர்ட்ஸ் ரிமோட்டுகளில் இதனால் ஸ்டியரிங் தானாக நடுங்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டில் தொல்லை குறைவு என்றாலும் கெபாசிட்டர் போடுவது நல்லது. 104 என்று அச்சிட்ட செராமிக் கெபாசிட்டர், அதாவது 0.1 மைக்ரோஃபாரட், மூன்று வேண்டும்: இரண்டு முனைகளுக்கு நடுவே ஒன்று, ஒவ்வொரு முனைக்கும் மோட்டார் உடலுக்கும் நடுவே ஒவ்வொன்று. சில மோட்டார்களில் இவை உள்ளேயே இருக்கும்.

கடினமான வேலை மோட்டார் உடலில் ஈயம் ஒட்டவைப்பதுதான். இரும்பு உடல் சூட்டை வாரிக்கொண்டு போகும். உள்ளே காந்தம் ஒட்டியிருக்கும் இரண்டு பக்கங்களையும் தவிர்த்து, அவற்றுக்கு இடைப்பட்ட பகுதியில், மூடிக்கு அருகே ஒரு பச்சைப்பயறு அளவு இடத்தைச் சுரண்டி, பேஸ்ட் தடவி, பெரிய பிட்டால் ஈயம் பூசுங்கள். அது பிடித்தபிறகு கெபாசிட்டர் காலை வையுங்கள்.

பிரஷ்லெஸ் மோட்டாருக்குத் தனிக் குறிப்பு

சென்சார் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டாரில் மூன்று வயர்களை எந்த வரிசையில் இணைத்தாலும் ஓடும். எதிர்த்திசையில் சுற்றினால் ஏதேனும் இரண்டை மாற்றினால் போதும். சென்சார் வயர் உள்ள மோட்டாரில் அப்படிச் செய்யக் கூடாது. மோட்டாரிலும் ஸ்பீடு கன்ட்ரோலரிலும் ஏ, பி, சி என்று குறித்திருக்கும் முனைகளை அதே வரிசையில் இணைக்க வேண்டும்.

சில மோட்டார்களில் சுற்றுக்கம்பியே நேராக வெளியே வரும். நீளமாக இருக்கிறதே என்று அதை வெட்டிவிடாதீர்கள். தொழிற்சாலை ஈயம் பூசிய நுனி போய்விட்டால் மிஞ்சுவது எனாமல் பூசிய கம்பி. எனாமலின் மேல் ஈயம் ஒட்டாது. காயில் கட்டுபவர்கள் ஒவ்வொரு கம்பியின் எனாமலையும் பளிச்சென்று செம்பு தெரியும்வரை சுரண்டிவிட்டே பற்றவைப்பார்கள். ஒரு இழை விடுபட்டாலும் அந்த மோட்டார் முழு பலத்தோடு ஓடாது.

முடித்ததும் சோதனை

பார்வை: நல்ல இணைப்பில் ஈயம் வயரிலிருந்து டேக்குக்குச் சரிவாக வழிந்து, விளிம்பில் மெலிந்து முடியும். உள்ளிருக்கும் இழைகளின் வரிவடிவம் மேலேயே தெரியும். உருண்டையாகத் திரண்டு விளிம்பு உள்வாங்கியிருந்தால் டேக் சூடாகவில்லை. மேற்பரப்பு பொரிபொரியாக இருந்தால் இறுகும்போது அசைந்திருக்கிறது. இதைத்தான் மெக்கானிக்குகள் டிரை சால்டர் என்பார்கள். மறுபடி பேஸ்ட் தொட்டு இளக்குங்கள். ஈயம் கலக்காத லெட் இயல்பிலேயே மங்கலாகத்தான் இருக்கும், அது குறையல்ல.

இழுப்பு: ஆறியபின் வயரைப் பிடித்து உறுதியாக இழுங்கள். டேக் தன் இடத்தில் ஆடினால் பிளாஸ்டிக் இளகிவிட்டது. அந்த மோட்டாரை வேகமான வண்டியில் போட வேண்டாம்.

மீட்டர்: முனைக்கும் மோட்டார் உடலுக்கும் நடுவே மீட்டர் ஒலிக்கக் கூடாது. ஒலித்தால் எங்கோ ஷார்ட். இரண்டு முனைகளுக்கு நடுவே ஒலித்தால் பயப்பட வேண்டாம், சுற்றின் மின்தடை அவ்வளவு குறைவு.

ஓட்டம்: சக்கரங்கள் தரையில் படாமல் வண்டியைத் தூக்கி வைத்து மெதுவாக ஓட்டுங்கள். பிறகு சில நிமிடங்கள் தரையில் ஓட்டி, பேட்டரியைக் கழற்றிவிட்டு இணைப்புகளை விரலால் தொடுங்கள். ஒரு இணைப்பு மற்றதைவிட அதிகம் சுட்டால் அதைத் திரும்பச் செய்யுங்கள். பற்றவைத்தபின் மோட்டார் முன்பைவிட மெதுவாகச் சுற்றிச் சீக்கிரம் சூடானால் பிரஷ் நகர்ந்திருக்கலாம்.

எல்லாம் சரியென்றால் டேப்பை எடுத்துவிட்டு, ஆல்கஹாலால் பேஸ்ட் கறையைத் துடைத்து, ஸ்லீவை இணைப்பின் மேல் தள்ளிச் சுருக்குங்கள். இணைப்பிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி வயரை டையால் சேஸிஸோடு கட்டுங்கள். அதிர்வு அந்தக் கட்டோடு நின்றுவிடும். பி.ஓ. மோட்டாரின் மெல்லிய டேக்குக்கு ஒரு சொட்டு ஹாட் குளூ பாதுகாப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்

லெட்டில் ஈயம் இருக்கிறது, ஈயம் நஞ்சு. சமையலறை மேடையில் இந்த வேலை வேண்டாம். லெட் கம்பியை வாயில் கவ்வும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பிடுங்கள். சின்னக் குழந்தைகள் தவழும் இடத்தில் ஈயத் துணுக்கு கிடக்கக் கூடாது. சூடு பட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை, இங்க், எண்ணெய் எதையும் தடவாதீர்கள். கொப்புளம் பெரிதாக இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

பயிற்சி

நல்ல மோட்டாரில் முதல் கை வைக்காதீர்கள். உடைந்த பொம்மைக் கார், பழைய பிரிண்டர், பழுதான ஹேர் டிரையர் எதிலும் சிறிய மோட்டார் இருக்கும். தெரிந்த காயில் கடை இருந்தால் கழித்த வயர்த் துண்டுகளும் கிடைக்கும். ஒரே டேக்கில் பற்றவையுங்கள், இழுத்துப் பாருங்கள், பிரியுங்கள், மறுபடி பற்றவையுங்கள். மோட்டாரின் உடலை இன்னொரு கையால் தொட்டுக்கொண்டே செய்து பாருங்கள். இணைப்பு உறுதியாகப் பிடித்த பிறகும் உடல் வெதுவெதுப்போடு நின்றால் உங்கள் நேரக்கணக்கு சரியாகிவிட்டது. இரண்டு டேக்குகளிலும் அப்படி வரும்வரை பழகிவிட்டு உங்கள் வண்டியின் மோட்டாரைக் கழற்றுங்கள்.